இடுப்புக்கு மேலே டான்ஸ்

"நீங்களே பாருங்க மேடம்! கம்பெனியா இது, கல்யாண மண்டபமா?"

டில்லிபாபு கம்ப்யூட்டர் திரையை விரலால் குத்திக் காட்டினார். ஒரகடத்தில் மருத்துவக் கருவிகள் செய்யும் அந்தக் கம்பெனியில் அவர் மூன்றாவது லைன் சூப்பர்வைசர்.

ஹெச்.ஆர். மேனேஜர் அறிவுமதி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

சிசிடிவி படத்தில் சத்தம் இல்லை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, தொப்பி, மாஸ்க், கையுறை. அந்தக் கோலத்தில் ஒரு பெண் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் மேலே தூக்கி ஆட்டினாள். தோளைக் குலுக்கினாள். கழுத்தை இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு.

"யார் இது?"

"ஷாரோன். ஒரு நாளைக்கு நாலு வாட்டி, அஞ்சு வாட்டி இதே கூத்து. நான் எழுந்து ஓடினாத்தான் உக்கார்றா."

அறிவுமதிக்குச் சிரிப்பு முட்டியது. இருமலாக மாற்றிக்கொண்டாள்.

"கால் மட்டும் அசையவே இல்லையே?"

"தூசி கிளம்பக் கூடாதாம் மேடம்! அதனால இடுப்புக்கு மேலதான் ஆடுவாளாம். இன்னா கொழுப்பு பாருங்க!"

அந்த லைனில், டிரிப்ஸ் ஏற்றுகிற ஊசிக்குள் ரப்பர் வால்வு வைக்கிறார்கள். கடுகு சைஸ்தான் இருக்கும். முன்பு இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். இப்போது மெஷின் வந்துவிட்டது. அதன் கிண்ணம் கிடுகிடுவென்று அதிரும். உள்ளே கொட்டிய வால்வுகள் எறும்பு மாதிரி வரிசை கட்டி ஏறி, எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி, டக் டக்கென்று ஊசிக்குள் உட்காரும். ஒரே ஒரு வால்வு தலைகீழாக வந்து வாயில் சிக்கினாலும் போச்சு, லைனே நின்றுவிடும். மூடியைத் திறந்துதான் எடுக்க வேண்டும். சாவி டில்லிபாபுவிடம்.

"இவ ஆடற ஆட்டத்துலதான் மேடம் மெஷினே சிக்குது! எப்பப் பாரு, இவ ஆடறா, நான் திட்டிக்கினே ஓடறேன், போய்ப் பாத்தா மெஷின் நின்னுகினு கீது!"

ஷாரோனைக் கூப்பிட்டு விட்டார்கள்.

"ஏம்மா ஆடறே?" என்று கேட்டாள் அறிவுமதி.

"கை மரத்துப் போவுது மேடம்."

"ஒரு நாளைக்கு அஞ்சு தடவையா?"

"ரெண்டு கை இருக்குதே மேடம்."

அறிவுமதிக்கு மறுபடியும் இருமல் வந்தது. முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு ஒரு கடிதத்தை நீட்டினாள்.

"இது மெமோ. இன்னொரு தடவை ஆடினா வேலை போயிடும். இனிமே ஆட மாட்டேன்னு சொல்லு, போதும்."

ஷாரோன் கையெழுத்துப் போட்டாள். "அதை மட்டும் கேக்காதீங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நல்ல திமிர்தான். இருந்தாலும், வேலை போகும் என்றாலும் விட மாட்டேன் என்கிற ஆட்டம் என்ன ஆட்டம்? நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள் அறிவுமதி.

மறுநாள் காலை அவளும் வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு, டில்லிபாபுவின் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மொத்த லைனும் அவளைப் பார்த்தது. ஷாரோனும்தான்.

டில்லிபாபு பழைய கதையை ஆரம்பித்தார். இருங்காட்டுக்கோட்டை பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் இருபத்திரண்டு வருஷம், காதைப் பிளக்கிற சத்தத்துக்கு நடுவே இரும்புத் தகடு அடித்த கதை.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். கிண்ணம் நின்றது. மெஷினிலிருந்து 'பீ...ப்' என்று ஒரு சத்தம். ஊசியை வைத்துக் குத்துகிற மாதிரி அப்படியொரு சத்தம். அறிவுமதி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"தலவலியா மேடம்?" என்று கரிசனமாகக் கேட்டார் டில்லிபாபு. "டீ சொல்லட்டுமா?"

பீப் விடாமல் அடித்தது. அவர் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்.

ஷாரோன் திரும்பி அவரைப் பார்த்தாள். மேனேஜரைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த கவியா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, மேடம் நிக்காவ! உக்காரு!"

ஷாரோன் எழுந்தாள். ஆடினாள்.

அது வரைக்கும் ஆடியதெல்லாம் ஆட்டமே இல்லை. தோள் தனியாக, கழுத்து தனியாகப் பறந்தது. கவியா ஒரு நொடி விழித்தாள். பிறகு, "வாரது வரட்டும்" என்று அவளும் எழுந்தாள். அடுத்து கனிஷ்கா. அதற்கடுத்து இன்னும் மூன்று பேர். ஆறு வெள்ளை உருவங்கள், கால்கள் தரையில் நட்ட கம்பம் மாதிரி நிற்க, இடுப்புக்கு மேலே மட்டும் புயலில் மாட்டிய மாதிரி ஆடின.

"பாத்தீங்களா! மேடம் பாத்தீங்களா!"

டில்லிபாபு கையை வீசிக்கொண்டு ஓடினார். ஓடியவர் மெஷினைப் பார்த்தார். சாவியைப் போட்டார், மூடியைத் திறந்தார், இடுக்கியால் ஒரு வால்வை எடுத்தார். பீப் நின்றது. கிண்ணம் மறுபடி அதிர ஆரம்பித்தது. ஆறு பேரும் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்துவிட்டார்கள்.

திரும்பி வந்தவர் மூச்சு வாங்கினார். குரலில் பெருமை தாங்கவில்லை.

"நான் மட்டும் போவலைன்னா லைன் அப்டியே நின்னுகினு இருந்திருக்கும் மேடம். எங்கிட்டயிருந்து எதுவும் தப்பாது!"

அறிவுமதி மெதுவாக நடந்து ஷாரோனிடம் போனாள். குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"மெஷின் நின்னுடுச்சு சார்னு ஒரு குரல் கூப்பிட்டா போதாதாம்மா?"

மாஸ்க்குக்கு மேலே ஷாரோனின் கண்கள் சிரித்தன.

"அந்தச் சத்தம் காதுல விழலைன்னு அவருக்கே இன்னும் தெரியாது மேடம். கூப்பிட்டா, 'இன்னா, உங்க சாருக்கு பீப் கேக்கலியா'ன்னு பக்கத்து லைன்ல பேசுவாங்க. ஆடினா, எங்களைத்தானே திட்டுவாங்க?"