நொடிக்கு எட்டாயிரம்

கணினியில் நிரலை மறுபடி ஓடவிட்டாள்.

"ஸ்கூல்ல குண்டு வச்சிருக்கேன். முடிஞ்சா காப்பாத்திக்கோ."

ஸ்பீக்கரில் பெண் குரல். படபடவென்று.

மணி மூன்றே முக்கால். நான்குக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். ஸ்டேஷன் வாசலில் ஜீப் உறுமிக்கொண்டிருந்தது.

பெஞ்சில் ஜெபசீலி. போன வாரம் அந்தப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட கணக்கு டீச்சர். நான் பேசவில்லை, நான் பேசவில்லை என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது அதையும் நிறுத்திவிட்டார்.

எதிரே, பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டண்ட். புகார் அவருடையது. காலையில் இதே குரலைக் கேட்டு, ஜெபசீலியேதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவரும் அவர். டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

அந்தக் குரலை ஒலிக்கவிட்டவள், கணினி முன்னால் உட்கார்ந்திருந்த இவள். சைபர் பிரிவில் சேர்ந்து நான்கு மாதம்.

பள்ளித் தொலைபேசியின் பதிவுப் பெட்டியில் கிடைத்தது, ஒலியை அளந்து வைத்த வெறும் எண்கள். அவற்றை அள்ளி ஸ்பீக்கரில் கொட்ட, ஜாவாஸ்கிரிப்டில் நாற்பது வரி எழுதினாள்.

நொடிக்கு எத்தனை எண்கள்?

கோப்பில் அந்த விவரம் இல்லை. காலை அவசரத்தில் 11025 என்று போட்டாள். பேச்சு புரிந்தது. அது போதும் என்றார்கள். அவளும் போதும் என்று விட்டுவிட்டாள்.

இப்போதுதான் உறுத்தியது.

குரலுக்குப் பின்னால் ஒரு சுவர்க்கடிகாரம்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினாள்.

எட்டு நொடியில் பதினோரு டிக்.

எந்தக் கடிகாரமும் அப்படி ஓடாது; எட்டு நொடிக்கு எட்டு டிக்தான்.

இன்ஸ்பெக்டர் சங்கரவேல் கிளம்பத் தொப்பியை எடுத்துவிட்டார். பெண் காவலர் ஜெபசீலியின் முழங்கையைத் தொட்டார்.

ஒரே நிமிஷம் கேட்டாள். தப்பு என் பக்கம் சார் என்றாள். அவர் முறைத்தது முதுகில் தெரிந்தது.

11025-ஐ அழித்தாள். விரல் வழுக்கியது. மறுபடி அடித்தாள்.

8000.

ஓடவிட்டாள்.

டிக்.

டிக்.

கைக்கடிகாரத்தோடு இம்மி பிசகாமல்.

குரல் இறங்கியது. நிதானமானது. தடித்தது.

ஆண்.

வாயில் துணி வைத்துப் பேசும் எவனோ ஒருவன். இன்ஸ்பெக்டர் புருவத்தைச் சுருக்கினார். பிடிபடவில்லை. அவளுக்கும் பிடிபடவில்லை.

பெஞ்ச் கிறீச்சிட்டது.

ஜெபசீலி எழுந்து நின்றிருந்தார். விறைப்பாக. கைகள் பக்கவாட்டில். முந்தானை தானாகச் சரியாகியிருந்தது.

உட்காருங்க டீச்சர் என்றார் இன்ஸ்பெக்டர். இன்னும் கிளம்பவில்லை, ஏன் எழுந்தீர்கள் என்றும் கேட்டார்.

ஜெபசீலி தன் கால்களைப் பார்த்தார். எப்போது எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது.

பிறகு மெல்லச் சொன்னார்.

"கிளாஸ் ஸ்பீக்கர்ல கரஸ்பாண்டண்ட் சார் குரல் வந்தா எந்திரிச்சு நிக்கணும் சார். ஏழு வருசமா பழகிட்டு."