உறுதிதானா?

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஜூனியர் பையன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். பழி வாங்குகிறான், சந்தேகமே இல்லை என்று முடிவு கட்டினாள், ஆபீஸின் கம்ப்யூட்டர் சர்வர் அறைக்குள் வசமாக மாட்டிக்கொண்ட தலைமைப் பொறியாளரம்மா.

உள்ளே இருந்த கம்ப்யூட்டரில் எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தபோதுதான் புகை அலாரம் அலறியது. தலைக்கு மேல் சிவப்பு விளக்கு மின்ன ஆரம்பித்தது. மின்னுவது நின்று நிலையாக எரிந்தால், நெருப்பை அணைக்கும் வாயு அறையை நிரப்பிவிடும். அப்புறம் மூச்சு விட முடியாது.

கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடியே கிடையாது; உள்பக்கக் கைப்பிடி போன வாரமே கையோடு வந்துவிட்டது. 'அதான் திறக்கக் கம்ப்யூட்டர் கட்டளை இருக்கே' என்று யாரும் திரும்ப மாட்டவில்லை. அந்தக் கட்டளையை எழுதியவளே அவள்தான்.

செல்போனில் கத்தினாள். "மரம் மாதிரி நிக்கிறியே, திறடா!"

"புகை வந்ததுமே என் அலார புரோகிராம் கட்டளை கொடுத்துடுச்சுக்கா. நானும் லேப்டாப்ல கொடுத்துப் பாத்துட்டேன். 'முதல் கட்டளை பதிலுக்குக் காத்திருக்கு'ன்னே சொல்லுது."

"கதை விடாத! மீட்டிங்ல உன் யோசனையைத் தூக்கிப் போட்டேன்ல, அந்தக் கடுப்பு உனக்கு."

யோசனை சின்னதுதான். கதவைத் திறக்கச் சொல்வது புரோகிராம் என்றால் கேள்வி கேட்காமல் திறந்துவிடலாம் என்றான். இவள் மேஜையைத் தட்டினாள். "புரோகிராமை நம்பிக் கதவைத் திறக்கிறதா? கடைசியா மனுஷக் கை பட்ட திரையில 'உறுதிதானா'ன்னு கேக்கும். 'ஆம்'னு அடிச்சாத்தான் திறக்கும்." மறுபேச்சு பேச யாருக்கும் தைரியம் இல்லை.

விளக்கு இப்போது வேகமாக மின்னியது. போதாக்குறைக்கு, முதுகுக்குப் பின்னால் ஏதோ ஒன்று 'டிங் டிங்' என்று உயிரை வாங்கியது. கதவை எட்டி உதைத்தாள். கால்தான் வலித்தது.

"என் பொண்ணு ஸ்கூல் வாசல்ல காத்துக்கிட்டு நிப்பாடா..." கண்ணாடியைத் தட்டினாள். "ஒரு 'ஆம்' அடிக்க அங்க ஒருத்தருமா இல்ல?"

"மாடி முழுக்க ஓடிப் பாத்துட்டேன்கா. எந்தத் திரையிலயும் கேள்வியே இல்ல."

"பொய்! எங்கயாவது கேட்டுக்கிட்டுதான் இருக்கும்!"

அவன் கண்ணாடியில் மூக்கு நசுங்க, அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"திரும்பிப் பாருங்கக்கா, உங்களைத்தான் கேக்குது."