நாற்பத்தோராவது குறிப்பேடு

தையல் ஆலையின் நாற்பது பெண்களுக்கு பட்டத்துக்காக ஆய்வு செய்ய வந்த ஆராய்ச்சிக்காரி நாற்பது குறிப்பேடுகள் கொடுத்திருந்தாள். ஒன்றுக்கு முட்டிய நேரம் ஒரு கட்டத்தில், போய்வந்த நேரம் அடுத்த கட்டத்தில். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தவை நாற்பத்தொன்று. கூடுதலாக வந்ததில் முட்டிய நேரங்கள் மட்டும் பக்கம் பக்கமாக இருந்தன. போன நேரம் ஒன்றுகூட இல்லை.

“கடைசி மெஷின் அக்கா எழுத்து இது,” என்றாள் பட்டன் தைப்பவள். “மாத்தாள் வந்து உக்காந்தாத்தானே நாங்க எந்திரிக்கலாம்? அவங்களுக்கு யாரும் வரல. அடக்கி அடக்கியே கிட்னி போச்சு. செத்து ரெண்டு வருஷமாச்சு.”

ஆராய்ச்சிக்காரி தன் பேராசிரியரைப் போனில் கேட்டாள். “நாற்பதுதான் கணக்கு. அதைக் கிழிச்சுப் போடும்மா. பட்டம் வேணும்ல?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று கடைசி மெஷினுக்குப் போனாள். மெஷின்மேல் தூசி மண்டிக் கிடந்தது.

“நீங்க போயிட்டு வாங்கக்கா, நான் இருக்கேன்,” என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஸ்டூல் சூடாக இருந்தது.

கழிப்பறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஒரு மணி நேரமாகியும் யாரும் திரும்பி வரவில்லை. அவளுக்கு முட்டத் தொடங்கியது. எழுந்திருக்கப் பார்த்தாள்.

“மாத்தாள் வந்தாச்சா?” என்றார் அந்தப் பக்கமாகப் போன சூப்பர்வைசர், தலைநிமிராமல்.