தோசைக்கல் ஆராய்ச்சி

"ஏனுங்க, உங்க தோசைக்கல்லுல அப்படி என்னதானுங்க இருக்குது?"

வந்ததும் வராததுமாக ராமாத்தாள் இப்படிக் கேட்டதில், மண்ணரையில் டீக்கடை வைத்திருக்கும் மயிலாள் கரண்டியும் கையுமாக நின்றுவிட்டாள். பனியன் கம்பெனி ஷிப்டுக்குப் போகிறவர்கள் கிளம்பிவிட்டதால் கடை காலியாக இருந்தது.

"தோசைதானுங்க இருக்குது."

"நான் இளங்கோவோட அம்மாங்க. திங்கள், புதன், வெள்ளி தவறாம காத்தால இங்க வர்றானே, அவந்தான். கேட்டா, காலேஜு ஆராய்ச்சிங்கிறான். எண்ணெயை மெல்லிசா ஊத்தி, மஞ்சப்பொடி தூவி, சூடு பண்ணுனா, தேன்கூடாட்டத் தானாவே ஆறு மூலைக் கட்டம் கட்டமா நிக்குமாமா."

"ஆமாங்க, நானும் பாத்தேனுங்க."

"நானும் எங்க ஊட்டுக் கல்லுல செஞ்சு பாத்தேனுங்க. அச்சு அசலா வந்துது! அப்புறம் எதுக்கு அவன் இங்க வரோணும்?"

ராமாத்தாள் லேசுப்பட்டவள் அல்ல. எட்டு ஜாதகத்தைத் தட்டிக்கழித்த பையன் வாரம் மூன்று நாள் ஒரே கடைக்குப் போகிறான் என்றால், காரணம் எண்ணெயாகவா இருக்கும்? அங்கே டீ ஆற்றித் தரும் மயிலாளின் மகள் கோமளாதான் என்று முடிவு கட்டிவிட்டாள். விசாரித்ததில் பெண் தங்கம். குலக் கூட்டமும் வேறு, அண்ணன் தங்கை முறை வராது; தாராளமாகச் சம்பந்தம் செய்யலாம். வைகாசி முகூர்த்த நாளாகப் பார்த்து, பூவும் பழமும் வாங்கிக்கொண்டு, மகனுக்குத் தெரியாமல் வந்துவிட்டாள்.

"உங்க பொண்ணை எங்க ஊட்டுக்குக் கேட்டு வந்திருக்கேனுங்க."

மயிலாளுக்கு வாயெல்லாம் பல்லாயிற்று. அடுத்த நொடியே தர்மசங்கடம்.

"தப்பா நெனச்சுட்டீங்க. தம்பி வந்தது மாத்திரைக்குங்க."

"என்ன மாத்திரை?"

"டி.பி.க்குங்க. பயப்படாதீங்க, சுத்தமாக் குணமாயிருச்சு. நோயாளி மாத்திரையை ஒருத்தர் கண்ணு முன்னாலதான் முழுங்கோணும்னு உலக சுகாதார நிறுவனத்துல சொல்லி, நம்ம சர்க்காரும் அதையே கொண்டாந்துட்டாங்க. இந்த வீதிக்கு நாந்தானுங்க அந்த ஆளு. குணமாகற வரைக்கும் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், ஒடஞ்சு போயிருவாங்கன்னு தம்பி கும்பிட்டுக் கேட்டுக்கிட்டாரு."

ராமாத்தாள் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். தன்னந்தனியாகக் கிடந்து அல்லாடியிருக்கிறானே என்று புலம்பினாள். பிழைத்துக்கொண்டானே என்று உடனே சாமியைக் கும்பிடவும் செய்தாள். ஜாதகங்களை ஏன் தட்டிக்கழித்தான் என்பதும் இப்போது விளங்கியது. ஆனால் கொண்டுவந்த பூவை என்ன செய்வது? டீ டம்ளரோடு வந்து நின்ற கோமளாவை நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சுக்கோங்க, அவசரப்பட்டுட்டேன்" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இன்னிக்குக் காத்தால வந்தானே, அதுதான் கடைசி மாத்திரைங்களா?"

"இன்னிக்கா? அதையெல்லாம் தையிலயே முழுங்கி முடிச்சுட்டாருங்களே!" என்ற மயிலாள், சொன்ன பிறகுதான் விரல் விட்டு எண்ணினாள். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி...

நாலு மாதமாக மாத்திரையே இல்லாமல் அவன் எதற்கு வந்தான் என்று இரண்டு தாய்மார்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, கோமளா அந்தப் பூப்பையை ராமாத்தாள் கையிலிருந்து மெல்ல வாங்கி, மறுபடியும் பெஞ்சின் மேல் வைத்தாள்.