சொல்ல வந்தவர்

சேவூர் ரோட்டோரம் கம்பெனி பஸ்ஸை நிறுத்திவிட்டு, கோபிநாத் ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்து வைத்தான். செய்யாருக்கு இரவு ஷிப்ட் போகும் பெண்கள் ஏற இன்னும் நேரமிருந்தது.

போனில் அமெரிக்கா. அங்கே அப்போது காலை. ஏதோ ஒரு மாநிலச் சட்டமன்றத்தின் கமிட்டி அறை. கறுப்பினப் பெண் உறுப்பினர் ஒருவருக்குப் பின்னால், காகிதக் கட்டோடு அவன் மகள் சிவசங்கரி.

ஒரே மகள். படிக்க அவள் அங்கே போனதிலிருந்து வீட்டில் அடுப்புப் பற்றவைப்பதே இல்லை. சாப்பாடு பஸ்ஸில். பாதி நாள் தூக்கமும் பஸ்ஸில்தான்.

இன்டர்ன்ஷிப்புக்கு எத்தனையோ துறைகள் இருக்க, இதை அவளேதான் கேட்டு வாங்கினாள். அந்த ஊரில் பிரசவத்தில் கறுப்பினப் பெண்கள் மற்றவர்களைவிட அதிகமாகச் சாகிறார்களாம். அதைத் தடுக்க ஒரு மசோதா. மனைவியை, மகளைப் பறிகொடுத்தவர்களிடம் போனில் பேசி, கமிட்டி முன்னால் வந்து சொல்லச் சம்மதிக்கவைப்பது அவள் வேலை.

ஒருவர் மட்டும் மாசக்கணக்கில் மாட்டேன் என்றே சொல்லிவந்தார். இன்று வருகிறார், கட்டாயம் பார்க்கணும் என்று சொல்லியிருந்தாள்.

வந்தார். வாட்டசாட்டமான கறுப்பினத்தவர். இரவல் வாங்கியது போல ஒரு கோட்டு. மைக்கின் முன்னால் உட்கார்ந்தார்.

கோபிநாத்துக்கு இங்கிலீஷ் பிடிபடவில்லை. ஆனால் அந்த மனிதர் பாதியில் நின்றது புரிந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது புரிந்தது. அவ்வளவு பெரிய ஆட்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் சொல்வதைக் கேட்டதும் புரிந்தது.

அதைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை.

கமிட்டி கலைந்ததும் சிவசங்கரி கூப்பிட்டாள். மசோதா அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது என்றாள். குரலில் சந்தோஷம் இல்லை.

"அவரைப் பேச வெச்சுட்டேன்பா. உன்னைத்தான் முடியல. அம்மா காய்ச்சல்ல போகல, இல்ல?"

காய்ச்சல் என்றுதான் அவளுக்கு இத்தனை வருஷமும் சொல்லிவைத்திருந்தான். தான் பிறந்த அன்றுதான் அம்மா போனாள் என்று தெரிந்து, பிறந்த நாளன்று பிள்ளை அழக்கூடாது என்பதற்காக.

காலி சீட்டுகளைக் கண்ணாடியில் பார்த்தபடி இருந்தான். பிறகு சொன்னான்.

"வலிக்குது, வலிக்குதுன்னு சொல்லிகினே இருந்தா உங்கம்மா, பாப்பா. உன்னைத் துணியில சுத்தி வெச்சுகினு, நானும் ஆஸ்பத்திரில ஒவ்வொருத்தர்கிட்டயா போய் சொல்லிகினே இருந்தேன். யாரும் வந்து பாக்கல."

அந்தப் பக்கம் அவள் காகிதக் கட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. போனை அவள் வைக்கவில்லை.