படகின் மெருகு

பழைய ஃபைபர் படகின் நீலம் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்திருந்தது. அஞ்சப்பன் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தான். பிறகு மெழுகு வைத்துத் துணியால் தேய்க்கத் தேய்க்க அது கண்ணாடிபோல ஆனது. அப்போதுதான் முன்முனையான அணியத்துக்குக் கீழே விரிசல் தெரிந்தது. தலைமுடி கனம், ஒரு முழ நீளம்.

"மெழுக அப்பி மூடிரு. வாங்குறவங்க வந்துட்டாங்க," என்றார் படகுக்காரர் தில்லைக்கண்ணு, குரலைத் தாழ்த்தி.

"நாளைக்கே கடலுக்குப் போறாங்கண்ணே."

"ஒன்னக் கேட்டனா?"

அஞ்சப்பன் அப்பினான். கையால் தடவினால்கூடத் தெரியாது.

வாங்க வந்த சிங்காரவேல் எஞ்சினைப் பார்க்கப் பின்பக்கம் போனான். அவன் மனைவி பூமயில், படகுக்குப் பொட்டு வைக்கச் சந்தனக் கிண்ணத்தோடு அணியத்தருகே வந்தாள். மூன்று பொட்டு வைத்தாள். பிறகு வேர்வையில் கலைந்த தன் நெற்றிப் பொட்டைச் சரிசெய்ய, படகின் பளபளப்பில் முகம் பார்த்துக் குனிந்தாள். விரல் நெற்றிக்குப் போகாமல் நின்றது. முகத்தை இந்தப் பக்கம் நகர்த்தினாள், அந்தப் பக்கம் நகர்த்தினாள்.

"என் மூஞ்சி ஏன் இங்க ரெண்டு துண்டாத் தெரியுது?"

"வெயிலு அப்படி, தாயி," என்று தில்லைக்கண்ணு சிரித்தார்.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "நீங்க சொல்லுங்கண்ணே," என்றாள் அஞ்சப்பனிடம்.

அவன் துணியை எடுத்து அந்த இடத்தை அழுத்தித் துடைத்தான். அவள் முகம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது, இரண்டு துண்டாக.