கழற்றிய கடிகாரம்

ராணிக்கு முன்னாலிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தி அகல்யா ஆட்டத்தைத் தொடங்கினாள். எதிரே ஷெரினும் அப்படியே செய்தாள். மதியத்துக்குள் ஷெரினின் ராஜா மூலையில் சிக்கிக்கொண்டது. அகல்யா ராணியை நகர்த்தினால் முடிந்துவிடும்.

"டிரா வெச்சுக்கலாமா? ப்ளீஸ்," என்று ஷெரின் தலையைத் தூக்காமல் கேட்டாள். "எங்கப்பா பாத்துட்டிருக்காரு."

போட்டி அரங்கின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்ற பெற்றோர் கூட்டத்தில், ஷெரினின் அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். அடிப்பதற்கு முன் அகல்யாவின் அப்பாவும் அப்படித்தான் கழற்றுவார்.

ராணியை எடுக்கப் போன கையை அகல்யா ஷெரினிடம் நீட்டினாள்.

"சரி, டிரா."

ஷெரினின் விரல்கள் சில்லென்றிருந்தன. அவற்றை விடாமல் பிடித்துக்கொண்டே அகல்யா கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். அங்கே நின்ற அகல்யாவின் அப்பாவின் மணிக்கட்டும் வெறுமையாக இருந்தது.